ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே ஒரு கோடு

1

அன்றைக்கு அந்த இரும்பு மேசையைச் சுற்றி நின்றவர்கள் ஐந்து பேர். முதலாளி பீட்டர். குழாய் வெட்டும் ரிக்கார்டோ. போர்த்துக்கல்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லொறி ஓட்டும் குர்மீத். கட்டடங்களுக்குப் போய் அளவெடுத்துத் தாளில் வரைந்துகொண்டு வரும் மனோகரன். இலங்கையில் ஓப்பநாயக்கப் பக்கம் எங்கள் தோட்டத்துப் பிள்ளை, எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே மூன்றாவது காம்பிராவில், அதாவது மூன்றாவது அறையில், வளர்ந்தவன். ஐந்தாவது ஆள் நான். வேறு யாரும் இல்லை. இதை இவ்வளவு கறாராக எழுதக் காரணம் இருக்கிறது. அந்த இடத்தில் இல்லாத பலர் இப்போது ஊரில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

மேசைமேல் பல்கனிக்குப் போடும் கைப்பிடிக் கிராதி ஒன்று கிடந்தது. பற்றவைத்து, தேய்த்து, கறுப்புப் பூச்சும் அடித்து முடித்தது. அதேபோல் இன்னும் பதின்மூன்று வெளியே லொறியில் இருந்தன. காலையில் கட்டடத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் சுவருக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றுகூட நுழையவில்லை. ஒவ்வொன்றும் ஓர் அங்குலமும் ஒன்றரை நூலும் அதிகம். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது ஊரில் மேசன் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டைவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனால் சுவர் விட்டுக்கொடுக்காது.

கிராதியின் பக்கத்தில் அளவுத் தாள் கிடந்தது. தாளில் மனோவின் கையெழுத்தில் 7.6 என்று எழுதியிருந்தது.

அது நடந்து இன்றைக்கு ஒரு வருஷம். அந்த நாளை நான் நினைவு வைத்திருக்கத் தேவை இருக்கவில்லை. சம்பளத் துண்டே சொல்லிவிட்டது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை எண்பது டாலராக வெட்டிக்கொண்டு வந்தது இன்றைய துண்டோடு இருபத்தாறாவது தடவையாகி முடிந்திருக்கிறது.

2

ஊரில் உள்ளவர்களுக்கு 7.6 என்றால் விளக்கம் வேண்டாம். ஏழடி ஆறங்குலம். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் போய்ச் சேர்ந்தது ஓப்பநாயக்க பெரிய ரோட்டில் இருந்த ஒரு கிரில் கடை. ஜன்னலுக்குக் கம்பி அடிப்பது, கேட் செய்வது. பாஸ் சிங்களவர். சீமெந்துப் பேக்கைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் அளவுகளை எழுதி என்னிடம் நீட்டுவார். 3.9. 4.3. 5.10. "ஹரித மல்லி?" என்பார், சரியா தம்பி என்று. "ஹரி பாஸ்" என்பேன். ஒரு நாளும் பிழைத்ததில்லை. புள்ளிக்கு முன்னால் இருப்பது அடி, பின்னால் இருப்பது அங்குலம். கல்யாணத் தரகர் பெண்ணின் உயரம் 5.3 என்று எழுதிக் கொடுத்தால், ஐந்து தசம் மூன்று என்று யாராவது வாசிப்பார்களா?

இங்கே வாசிப்பார்கள். டொரொண்டோவுக்கு வெளியே இருக்கும் இந்தப் பட்டறையில் நான் சேர்ந்து மூன்றாம் மாதம், ஒரு குழாயின் மேல் சோக்கட்டியால் 6.4 என்று எழுதி வைத்தேன். ரிக்கார்டோ அதை ஆறடியும், இன்னோர் அடியில் பத்தில் நாலு பங்கும் என்று எடுத்து வெட்டிவிட்டார். பத்தில் நாலு பங்கு என்றால் நாலங்குலம் இல்லை, கிட்டத்தட்ட ஐந்து. ஒரே ஒரு குழாய்தான் வீண். ஆனாலும் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. வேலை போய்விடும், பெர்மிட்டை ரத்து செய்வார்கள், புஷ்பாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திரும்ப வேண்டும், ஓப்பநாயக்க பஸ் ஸ்டாண்டில் பெட்டிகளோடு இறங்க வேண்டும் என்று பஸ் நம்பர் வரைக்கும் யோசித்துவிட்டேன். ரிக்கார்டோ சிரித்தார். என் கையுறையை வாங்கி அதன் மேலேயே பேனையால் 6'-4" என்று எழுதினார். அடிக்கு ஒரு கீற்று, அங்குலத்துக்கு இரண்டு கீற்று, நடுவே ஒரு கோடு. இந்தக் கடையில் புள்ளி என்றால் தசம் மட்டும்தான், சரியா என்றார். சரி என்றேன். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே அது ஓர் ஒப்பந்தம்போல ஆயிற்று.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. பயந்தவனுக்கு எல்லா இடத்திலும் பள்ளம் தெரியும். 7'6" என்று நெருக்கி எழுதினால், கிறீஸ் பட்ட விரல் அந்தக் கீற்றின் மேல் ஒருமுறை தடவினால் போதும், எழுபத்தாறு ஆகிவிடும். அல்லது கீற்று நீண்டு ஒன்றைப்போலத் தெரியும். நடுவில் கோடு இருந்தால் கீற்று அழிந்தாலும் கோடு நிற்கும். சரியாக எட்டடி என்றால் 8' என்று மட்டும் எழுதக்கூடாது. அங்குலம் எழுத மறந்துவிட்டார்களோ என்று வெட்டுகிறவன் யோசிப்பான். 8'-0" என்று பூஜ்யத்தையும் எழுதிவிட வேண்டும். ஒன்றரை அங்குலத்தை 11/2 என்று ஒட்டி எழுதினால் இரண்டில் பதினொன்று, அதாவது ஐந்தரை. ஒன்றுக்குப் பிறகு இடம் விட்டு, அரையைச் சின்னதாக, குறுக்குக் கோடு போட்டு எழுத வேண்டும். அதேபோல, புள்ளி வைத்தால் 5.10 என்பதும் 5.1 என்பதும் இங்கே ஒன்றுதான். எங்களுக்கோ அந்த இரண்டுக்கும் நடுவே ஒன்பது அங்குலம் இருக்கிறது.

யாரும் கேட்காமலே ஒரு செவப்புப் பென்சில் வாங்கிக்கொண்டேன். என் மேசைக்கு வரும் தாளில் கொஞ்சமாவது சந்தேகம் வந்தால் பக்கத்தில் செவப்பில் தெளிவாக எழுதிவிட்டுத்தான் ரிக்கார்டோவிடம் கொடுப்பேன். பீட்டர் ஒருநாள் பார்த்துவிட்டு முதுகில் தட்டினார். அளவு குறிக்கும் மேசை எனக்கே என்று ஆயிற்று.

3

மனோவுக்கு இந்த வேலையைக் கேட்டுக் கொடுத்தது நான்தான்.

நான் கிரில் கடைக்குப் போன வருஷம் அவன் ஒன்பதாம் ஆண்டு. பிறகு சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணி, இரத்தினபுரிக்கு பஸ்ஸில் போய்வந்து வரைபடம் வரையப் படித்தான். கடை முன்னால் பஸ் நிற்கும்போது ஜன்னலால் கையை ஆட்டுவான். எனக்கு அவன்மேல் பொறாமை இருக்கவில்லை. எங்கள் லயத்தில் இருந்து ஒருத்தன் வெள்ளைச் சட்டை போட்டுப் போகிறான் என்று கடையில் சொல்லிக்கொள்வேன். நான் வெல்டராகக் கட்டாருக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தேன். அவன் படிக்க வந்து, படிப்பு முடிந்து, வேலையில்லாமல் இருந்தபோது என்னைத் தேடிப் பிடித்தான். பீட்டரிடம் கூட்டிப்போனேன். என் ஆங்கிலம் பத்துச் சொல். அதில் எட்டை அவனைப் பற்றிச் சொல்லச் செலவழித்தேன்.

கணினியில் வரைந்தால் கோடு தானாக விழும். ஆனால் சின்ன வேலைகளுக்கு யாரும் கணினியில் வரைவதில்லை. கட்டடத்தில் நின்று கையால் எழுதிய தாள் நேராகப் பட்டறைக்கு வரும். மனோவின் முதல் தாளைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்தது. 4.2, 6.8, 9.11. ஓப்பநாயக்கவே வந்து இறங்கியதுபோல இருந்தது.

"மச்சான், இந்தப் புள்ளிய விட்டுட்டு ஒரு கோடு போடேன்டா," என்றேன்.

"ஏன், ஒனக்கு வெளங்கலையா?"

"எனக்கு வெளங்குது. இவனுங்க தசம்னு வாசிப்பானுங்க."

"ரெண்டு வருசம் படிச்சு சர்டிபிகேட் வாங்குனவனுக்கு எட்டாம் வகுப்பு பாடம் எடுக்குது பாரு."

"பாடம் இல்லடா. பயம்."

"அதுக்குத்தானே நீ இருக்க, செவப்பு மந்திரி."

அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் பிடித்தும் இருந்தது. படித்தவன் ஒருத்தனுடைய தாளை நான் திருத்துகிறேன் என்பது ஒன்று. அவன் புள்ளியைப் பீட்டர் கண்டால் அவனுக்கு வெட்கமாகப் போய்விடுமே என்பது இன்னொன்று. மூன்று வருஷம் அவன் எழுதிய ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் செவப்பில் கோடு போட்டேன். பீட்டருக்குத் தெரியாது. ரிக்கார்டோவுக்கும் தெரியாது, அவர் செவப்பை மட்டும்தான் பார்ப்பார்.

4

மகள் நிவேதாவின் பாஸ்போர்ட் விஷயமாக அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டிருந்தார்கள். என்னுடைய பிறப்புச் சாட்சிப் பத்திரம் அவர்களைக் குழப்பிவிட்டது. அது சிங்களத்தில் இருக்கிறது. மொழிபெயர்த்துக் கொடுத்ததில் பிறந்த இடம் 'கீழ் டிவிஷன்' என்று வந்திருக்கிறது. அது எந்த நகரம் என்று கேட்டார்கள். நகரம் இல்லை, தோட்டத்தின் கீழ்ப் பகுதி என்றேன். எதற்குக் கீழே என்று கேட்டார்கள். மேல் டிவிஷனுக்குக் கீழே என்றேன். அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இன்னொரு நாள் எல்லா மூலப் பத்திரங்களோடும் வரச் சொன்னாள். அந்த இன்னொரு நாள்தான் நான் பட்டறையில் இல்லாத நாள்.

அதற்கு முதல் நாள் பின்னேரம் அந்தப் பல்கனித் தாள் என் மேசைக்கு வந்தது. நான் ஐந்து மணிக்கு நிவேதாவைக் கூட்டப் போகவேண்டும். செவப்புப் போட நேரம் இல்லை. நேரம் இல்லை என்பதும் சரியில்லை. இரண்டு நிமிஷ வேலை. பத்திரங்களை ஒழுங்காக அடுக்கினேனா என்ற யோசனையில் இருந்துவிட்டேன். காரில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. உடனே மனோவுக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினேன். அது இன்றும் என் போனில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"மனோ, நாளைக்கு நான் வரமாட்டேன். பாஸ்போர்ட் ஒபீசுக்குப் போறோம். பல்கனி தாள் என் மேசையில கெடக்கு. நான் இன்னும் செவப்பு போடல. நீ கோடு போட்டு சரியா எழுதி ரிக்கார்டோகிட்ட குடுத்துரு. புள்ளியோட குடுத்துறாத. மறந்துறாதடா."

அவனும் குரலில்தான் பதில் போட்டான்.

"ஹரி ஹரி மச்சான். நான் பாத்துக்கிறேன், நீ போயிட்டு வா. ஒலகத்தையே நீதான் தலையில தூக்கி வச்சிருக்க."

மறுநாள் அவன் வேறு கட்டடத்துக்கு அளவெடுக்கப் போய்விட்டான். தாள் புள்ளியோடு கிடந்தது. ரிக்கார்டோ எடுத்தார். செவப்பு இல்லை. புள்ளி இருந்தது. எங்கள் ஒப்பந்தப்படி புள்ளி என்றால் தசம். ஏழடியும் பத்தில் ஆறு பங்கும். 7'-6" வெட்ட வேண்டிய இடத்தில் பதினான்கு தடவை ஏழடி ஏழங்குலம் ஒன்றரை நூல் வெட்டினார். அவர் பக்கம் ஒரு பிழையும் இல்லை.

5

மேசையைச் சுற்றி நின்ற நேரத்துக்கு வருகிறேன். இது நடந்தது, கிராதிகள் திரும்பி வந்த அன்று, பகல் சாப்பாட்டுக்கு முன்னால்.

பீட்டர் சத்தம் போடவில்லை. இது யார் பொறுப்பு என்று மட்டும் கேட்டார். நான் மனோவைப் பார்த்தேன். என் தரப்பையும் சேர்த்து அவன்தான் பேசுவான் என்று நினைத்தேன். எப்போதும் அவன்தான் எனக்காக ஆங்கிலம் பேசுவது.

அவன் பேசினான். பேசுவதற்கு முன்னாலேயே அலுவலக அறைக்குப் போய் கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். மூன்று வருஷத் தாள்கள். ஒவ்வொன்றாக மேசையில் வைத்தான். எல்லாவற்றிலும் என் செவப்பு.

"அளவை நான் சரியாகத்தான் எடுத்தேன். சுவர் ஏழடி ஆறங்குலம்தான்," என்றான் ஆங்கிலத்தில். "ஆனால் வெட்டுகிறவருக்கு அளவைக் கடைசியாக எழுதிக் கொடுப்பது எப்போதும் செல்வராஜ். இதோ பாருங்கள், எல்லாம் இவருடைய கை. இந்த ஒரு தாளை மட்டும் குறிக்காமல் போய்விட்டார். எனக்கு ஒன்றும் சொல்லவும் இல்லை."

பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்காகக் கெஞ்சுகிறவனைப்போல இன்னொன்றும் சொன்னான். "அவரைக் கோபிக்க வேண்டாம். அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர்."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு முழுசாக விளங்கியது. என் பத்துச் சொல் அதற்குப் போதுமாக இருந்தது.

"ஐ டோல்ட். போன்," என்றேன். யாரிடம் என்று பீட்டர் கேட்டார். மனோ என் முகத்தைப் பார்க்கவில்லை. கிராதியில் பூச்சுச் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பவனைப்போல விரலால் தடவிக்கொண்டு நின்றான். அவனுடைய பி.ஆர்., நிரந்தர வதிவிட விண்ணப்பம், அந்த மாதம் போகவேண்டியது. அதற்குப் பீட்டர் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். நான் போனை எடுக்கவில்லை. என்னை நல்லவனாகக் காட்ட இதைச் சொல்லவில்லை. பாதி அந்தக் கடிதம், பாதி பயம். போனை எடுத்துச் சண்டை என்று வந்தால், இரண்டு பேரையும் போகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அந்த அரை நிமிஷத்தில் யோசித்தேன். குர்மீத் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போனார்.

திரும்ப வெட்டிப் பற்றவைத்துப் பூச்சடிக்க நாலாயிரத்து நூற்று அறுபது டாலர் என்று பீட்டர் கணக்குப் போட்டார். பாதியைக் கடை ஏற்கும், பாதியை நான் ஏற்க வேண்டும். ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். அதோடு அளவு குறிக்கும் மேசை மனோவின் பொறுப்புக்குப் போனது. எனக்கு, பற்றவைத்ததைத் தேய்க்கிற இடம்.

பின்னேரம் கார்கள் நிற்கும் இடத்தில் எனக்காகக் காத்திருந்தான்.

"கோவமா மச்சான்?"

"மெசேஜ் அனுப்புனேன்ல?"

"அனுப்புன. நான் மறந்துட்டேன்டா. சத்தியமா மறந்துட்டேன். அத அங்க சொன்னா அந்த ஆளு எனக்கு லெட்டர் குடுப்பானா? ஒனக்கு சிட்டிசன்ஷிப்பே கெடச்சிருச்சு, குடும்பம் இருக்கு, ஒன்னும் ஆகாது. நான் ஒத்தையா நிக்கிறேன்."

"அதுக்கு பள்ளிக்கூடத்த ஏன்டா இழுத்த?"

"வெட்டுற காசுல பாதிய நான் தர்றேன். மாசா மாசம் தர்றேன். ஊருல எங்கம்மாவுக்கு மட்டும் தெரியவேணாம், சரியா?" என்றான்.

சரி என்றேன்.

6

கையெழுத்துப் போட்ட தாளின் பிரதியை நிவேதாதான் முதலில் வாசித்தாள். அவளுக்கு அப்போது பதினாறு. வாசித்துவிட்டு, இப்படிச் சம்பளத்தில் வெட்டலாமா என்று விசாரிக்க வேண்டும், ஏன் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். 7.6 என்று சொன்னவுடனே அவள் வாய் தானாகக் கணக்குப் போட்டது.

"ஏழு அடி, ஏழு தசம் ரெண்டு இன்ச். கரெக்டாதானே வெட்டியிருக்காங்க?"

"இல்லம்மா. அது ஏழடி ஆறு இன்ச். எங்க ஊருல அப்படித்தான் எழுதுவோம்."

"ஊர்ல எல்லாருமே அப்படியா?"

"எல்லாரும்."

"அப்போ எல்லாரும் தப்பா எழுதுறாங்களா அப்பா?"

"தப்பில்ல. அங்க எல்லாருக்கும் வெளங்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். பாஸ்போர்ட் அலுவலகத்தில் அந்தப் பெண் பார்த்த பார்வைதான். தாளை மடித்து என்னிடம் தந்துவிட்டு அறைக்குப் போனாள். நான் அன்றைக்கு வேலைக்குப் போகாதது எதற்காக என்று அவளுக்கு நினைவில்லை. நானும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அவளையும் இந்தக் கடனில் சேர்த்ததுபோல ஆகிவிடும்.

புஷ்பாதான் திட்டினாள். "வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? போன எடுத்து மேசையில வச்சிருந்தா போதுமே." அவள் மட்டும் அன்றைக்கு என் பக்கம் நின்றாள், திட்டிக்கொண்டே.

7

இரண்டு மாதம் போயிருக்கும். பட்டறைச் சுவரில், கைகழுவும் இடத்துக்கு மேலே, ஒரு தாள் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தது. அடி அங்குலத்தைத் தெளிவாக எழுதுவது எப்படி என்று தலைப்பு. அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவே கோடு. அங்குலம் இல்லாவிட்டால் பூஜ்யம். பின்னத்துக்கு முன்னால் இடைவெளி. புள்ளி ஒருபோதும் கூடாது, 5.10, 5.1 என்று உதாரணம். கிறீஸ் கை பட்டால் கீற்று அழியும் என்பதுகூட இருந்தது. கீழே, தயாரித்தவர் மனோகரன்.

ரிக்கார்டோ கையைத் துடைத்துக்கொண்டே அதை வாசித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது உன்னுடையது," என்றார். நான் தோளைக் குலுக்கினேன். அந்தக் குலுக்கலையும் அவரிடமிருந்துதான் பழகினேன்.

அதற்குப் பிறகு மனோவின் தாள்களில் புள்ளி வரவில்லை. நல்ல அழகான கோடு. மூன்று வருஷம் சொல்லியும் போடாத கோடு. தேய்க்கிற இடத்தில் நின்று அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று விளங்கும். அவனுக்குக் கோடு போடத் தெரியாமல் இல்லை. நான் சொன்னதால் போடக்கூடாது என்று இருந்திருக்கிறான்.

முதல் மாதம் இருநூறு தந்தான். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றான். பிறகு அதைப் பற்றிய பேச்சே இல்லை. பி.ஆர். கிடைத்தது. பட்டறையில் எல்லாருக்கும் பீட்சா வாங்கிக் கொடுத்தான். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

போன மாதம் ஊரில் இருந்து அக்கா பேசினாள். இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போகும் பஸ்ஸில் இருந்து பேசினாள். வளைவு ஒவ்வொன்றிலும் குரல் போய்ப்போய் வந்தது.

"தம்பி, நீ அளவ பிழையா வெட்டி வேல போக இருந்துச்சாமே."

"யாரு சொன்னா?"

"மனோ அம்மாதான். கோயில்ல வச்சு, எல்லாரும் இருக்கையில. அவனுக்கு பி.ஆர். கெடச்சதுக்கு பொங்க வச்சாங்க. எட்டாம் வகுப்பு படிச்ச புள்ள, பாவம், தெரியாம செஞ்சிருச்சு, எம்மவன்தான் வெள்ளக்காரன்கிட்ட பேசி வேலய காப்பாத்துனான்னு சொன்னாங்க. நெசமா?"

"நீ என்னா சொன்ன?"

"நான் என்னாத்த சொல்ல. எனக்கு என்னா தெரியும். பொங்கல வாங்கிகிட்டு வந்துட்டேன்."

பஸ் அடுத்த வளைவில் திரும்பியது. தொடர்பு அறுந்தது. நான் திரும்ப எடுக்கவில்லை. அக்காவின் மேல் கோபம் இல்லை. கோயிலில் இருந்த அத்தனை பேருடைய முகத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். என்னைத் தூக்கி வளர்த்தவர்கள், என்னோடு வேலைக்குப் போனவர்கள். அவர்களில் ஒருத்தருக்காவது, செல்வராஜ் அளவில் பிழை விடமாட்டானே என்று தோன்றியிருக்குமா? ஓப்பநாயக்க கடையில் ஏழு வருஷம் நான் அடித்த ஜன்னல் கம்பிகள் அவர்கள் வீடுகளிலேயே இருக்கின்றன.

8

இன்றைக்குக் காலையில் சம்பளத் துண்டோடு மனோவின் மேசைக்குப் போனேன். அது என் பழைய மேசைதான். அதன்மேல் அவன் குடிக்கும் கோப்பிக் கோப்பையை வைத்திருந்தான்.

"இன்னிக்கோட வெட்டி முடிஞ்சிருச்சுடா," என்றேன்.

"நல்லதா போச்சு மச்சான். தலையில இருந்து ஒரு பாரம் எறங்கிருச்சு."

"பாதி நீ தர்றேன்னு சொன்ன."

அவன் கதிரையில் சாய்ந்தான். "செல்வா, நான் ஒன்னு சொல்லவா? செவப்புப் பென்சில எடுத்தன்னிக்கே பொறுப்பையும் நீதான் எடுத்துகிட்ட. யாரும் ஒன்ன கேக்கல. அன்னிக்கு நான் மட்டும் பேசலன்னா ஒன்ன வீட்டுக்கு அனுப்பியிருப்பான். அதுக்கு நான் காசு கேட்டேனா?"

முதலில் பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, அவனே அதை நம்பிவிட்டான்.

"நீ அனுப்புன பதில் என் போன்ல இருக்கு. நான் பாத்துக்கிறேன்னு சொன்னது. பீட்டருக்குப் போட்டுக் காட்டவா?"

"காட்டு," என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். "கேக்கட்டும். நம்ம பேசுறது அவனுக்கு வெளங்குமா? என்னா சொல்றாங்கன்னு யார கூப்பிட்டு கேப்பான்? என்னத்தான் கூப்பிடுவான்."

அது உண்மை. இந்தப் பட்டறையில் எங்கள் பேச்சு விளங்குகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர்.

"ஊருல வெளங்கும்டா," என்றேன்.

அப்போதுதான் அவன் முகம் மாறியது. "அம்மா வரைக்கும் கொண்டு போவாத செல்வா," என்றான். நான் தேய்க்கிற இடத்துக்குப் போய்விட்டேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் அந்த இரண்டு குரல் பதிவுகளையும் அக்காவுக்கு அனுப்பினேன். கோயிலில் அன்றைக்கு இருந்தவர்களுக்குப் போட்டுக் காட்டு, மனோவின் அம்மாவுக்கு முதலில், தனியாகக் காட்டு என்று சொல்லியிருக்கிறேன். எல்லார் முன்னாலும் அந்த மனுஷி தலை குனிய வேண்டாம். அனுப்பியது சரியா பிழையா என்று இதை எழுதும்வரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் திரும்ப அழிக்கவில்லை.

மனோ பணத்தைப் பற்றியும் ஊரில் வேறு கதை சொல்லக்கூடும். அதனால் அதையும் எழுதிவிடுகிறேன். என் சம்பளத்தில் வெட்டியது மொத்தம் இரண்டாயிரத்து எண்பது டாலர். அவன் ஏற்றுக்கொண்ட பாதி ஆயிரத்து நாற்பது. முதல் மாதம் தந்தது இருநூறு. தீபாவளிக்கு, பிள்ளைக்கு உடுப்பு எடு என்று நூறு டாலர் கையில் வைத்தான். அது அன்பளிப்பா, கடனில் சேர்ந்ததா என்று நானும் புஷ்பாவும் பல நாள் பேசினோம். அவள் சேராது என்றாள். நான் சேர்த்துக் கழித்திருக்கிறேன். அதன்படி மனோகரன் எனக்கு இன்னும் தரவேண்டியது எழுநூற்று நாற்பது டாலர்.